வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் பிழையும் மோசடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் ஆய்வாளர்களுக்கு உதவும் மேசையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். மேற்கோள் எப்படிப் போடுவது, எந்த இதழுக்கு அனுப்புவது போன்றவற்றை எல்லோரும் உரக்கக் கேட்பார்கள். கட்டுரை வெளிவந்த பிறகு தெரியவந்த பிழையைப் பற்றி மட்டும், பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, "ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன்" என்று தொடங்குவார்கள். அப்படிக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு இங்கே தொகுத்திருக்கிறேன்.

கட்டுரை வெளிவந்துவிட்டது. ஒரு எண் தப்பாக இருக்கிறது. இணையத்தில்தானே இருக்கிறது, பதிப்பாளரிடம் சொல்லி மாற்றிவிட முடியாதா?

சத்தமில்லாமல் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. வெளிவந்த கட்டுரை ஒரு பதிவேடு. நேற்று அதைப் படித்து மேற்கோள் காட்டியவர் ஓர் எண்ணையும், இன்று படிப்பவர் வேறோர் எண்ணையும் காண்பாரானால், இருவரில் யார் சொல்வது சரி என்று பிறகு யாராலும் சொல்ல இயலாது. ஆகவே மாற்றம் எதுவாயினும், என்ன மாறியது, ஏன் மாறியது என்ற குறிப்புடன், மூலக் கட்டுரையோடு இணைக்கப்பட்டு வெளிவர வேண்டும்.

எர்ரேட்டம், காரிஜெண்டம், ரிட்ராக்ஷன் என்று பல பெயர் சொல்கிறார்களே, எதற்கு எது?

அச்சேற்றும்போது பதிப்பாளர் செய்த பிழைக்கு எர்ரேட்டம் என்றும், எழுதியவர் செய்த பிழைக்கு காரிஜெண்டம் என்றும் பெயர். பல இதழ்கள் இப்போது இரண்டையும் சேர்த்துத் 'திருத்தம்' என்று மட்டுமே குறிக்கின்றன. முடிவு நிற்கிறது, விவரம் ஒன்று பிசகியது என்னும்போது இது போதும்.

முடிவை நம்பவே முடியாது என்றால் கட்டுரை திரும்பப் பெறப்படும், அதுதான் ரிட்ராக்ஷன். இரண்டுக்கும் நடுவில் 'ஐய அறிவிப்பு' என்று ஒன்று உண்டு. விசாரணை இன்னும் முடியவில்லை, ஆனால் படிப்பவர் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று இதழாசிரியர் வெளியிடுவது அது. பிரிட்டனில் 1997-இல் தொடங்கப்பட்ட பதிப்பு நெறிமுறைக் குழு, சுருக்கமாக 'கோப்', இவற்றுக்கான வழிகாட்டு நெறிகளை வகுத்திருக்கிறது. பெரும்பாலான நல்ல இதழ்கள் அவற்றைப் பின்பற்றுகின்றன.

திரும்பப் பெற்றுவிட்டால் கட்டுரை இணையத்திலிருந்து மறைந்துவிடும் அல்லவா?

மறையாது. இதைக் கேட்பவர்களில் பாதிப் பேர் மறைய வேண்டும் என்ற ஆசையில் கேட்கிறார்கள். கட்டுரை அதே இடத்தில், ஒவ்வொரு பக்கத்திலும் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரையோடு இருக்கும். காரணம் சொல்லும் குறிப்பும் அதனுடன் இணைக்கப்பட்டிருக்கும். நோயாளியின் அந்தரங்கம் வெளிப்பட்டது, சட்டச் சிக்கல் எழுந்தது போன்ற மிக அரிய நிலைகளில்தான் உள்ளடக்கமே நீக்கப்படும். ஏன் இப்படி என்பதற்கான காரணம் முதல் பதிலில் இருக்கிறது.

என் கட்டுரையில் ஒரு பிழையைப் பார்த்துவிட்டேன். மூன்று வருடமாக யாரும் கவனிக்கவில்லை. அப்படியே விட்டுவிடலாமா?

விட்டுவிடக் கூடாது. யாரும் கவனிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு மட்டும்தான் உண்மை. உங்கள் முடிவை வைத்து வேறொரு ஊரில் ஒரு மாணவர் ஓராண்டாகச் சோதனை செய்து, வரவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டிருக்கலாம்.

கலிபோர்னியாவில் பணியாற்றிய படிகவியலாளர் ஜெஃப்ரி சாங்கின் கதையை இங்கே சொல்ல வேண்டும். அவருடைய ஆய்வகத்தில் பயன்படுத்திய சொந்தக் கணினி நிரல் ஒன்று, தரவின் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றிவிட்டது. அதனால் அவர்கள் கண்டறிந்த புரதத்தின் வடிவம், கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் இடம் வலமாகப் புரண்டுவிட்டது. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2006-இல் அதைப் போன்ற மற்றொரு புரதத்தின் வடிவத்தை வெளியிட்டபோதுதான் இது வெளிப்பட்டது. சாங் ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார். அந்த ஐந்தையும் நம்பி மற்றவர்கள் செலவிட்ட ஆண்டுகளைத் திரும்பப் பெற வழியில்லை.

செய்ய வேண்டியது எளிது. முதலில் மூலத் தரவிலிருந்து மீண்டும் கணக்கிடுங்கள். முடிவு மாறுகிறதா என்று பாருங்கள். இணையாசிரியர்கள் அனைவருக்கும் எழுதுங்கள். பிறகு பொறுப்பாசிரியர், அதாவது உங்களில் இதழோடு கடிதப் போக்குவரத்து நடத்தியவர், இதழுக்கு எழுதட்டும். பிழையைக் கண்ட நாள் தொடங்கி இதழுக்கு எழுதிய நாள் வரை நடந்தவற்றுக்குத் தேதியிட்ட குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். நேர்மையாகத்தான் நடந்துகொண்டீர்கள் என்று பின்னாளில் காட்ட அதைவிடச் சிறந்த சான்று கிடையாது.

ரிட்ராக்ஷன் என்றாலே திருட்டுப் பட்டம் கட்டிவிடுவார்களே?

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உயிர்மருத்துவத் துறையில் திரும்பப் பெறப்பட்ட 2,047 கட்டுரைகளை அலசியது. அவற்றில் 67.4 சதவீதத்துக்குக் காரணம் முறைகேடு, 21.3 சதவீதத்துக்கு மட்டுமே நேர்மையான பிழை. ஆக, சந்தேகப்படுபவரை முற்றாகக் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்த இருபத்தொரு சதவீதத்தில் தாமாக முன்வந்தவர்களை, குறிப்பில் உள்ள காரணமே பிரித்துக் காட்டிவிடும்.

2018-இல் வேதியியல் நோபல் பெற்ற ஃபிரான்சஸ் ஆர்னால்ட், 2019-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த தம் கட்டுரையை 2020 ஜனவரியில் திரும்பப் பெற்றார். சோதனையை மறுபடி செய்தபோது முடிவு வரவில்லை. ஆய்வகக் குறிப்பேட்டைப் புரட்டினால் முக்கியமான சோதனைகளுக்குரிய பதிவுகளும் மூலத் தரவும் இல்லை. கட்டுரையை அனுப்பிய நேரத்தில் வேலை மிகுதியால் தம் கடமையைச் சரியாகச் செய்யவில்லை என்று அவரே வெளிப்படையாக எழுதினார். அவர் பெயர் கெடவில்லை. 'ஆசிரியர்களின் வேண்டுகோளின்படி' என்று ஒற்றை வரியில் முடியும் மொட்டையான குறிப்புகள்தாம் ஊர்வாய்க்கு இரையாகின்றன. ஆகவே உங்கள் குறிப்பில் காரணத்தை முழுமையாக எழுதும்படி நீங்களே கேளுங்கள்.

பிழைக்கும் மோசடிக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது?

இல்லாத தரவை உருவாக்குவது, இருக்கும் தரவைத் திரிப்பது, பிறர் எழுத்தையும் கருத்தையும் தனதாக்குவது ஆகிய மூன்றும் எங்கும் முறைகேடாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றை அறிந்தே செய்தாரா, அல்லது எப்படியானாலும் பரவாயில்லை என்ற பொறுப்பின்மையில் செய்தாரா என்பதே விசாரணையில் பார்க்கப்படும். விளைவு எவ்வளவு பெரியது என்பது இந்தக் கோட்டைத் தீர்மானிப்பதில்லை.

பொருளியலில் 2010-இல் ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளியலாளர்கள் எழுதிய கட்டுரை, அரசின் கடன் நாட்டு வருமானத்தில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதமாகிவிடும் என்று காட்டியது. செலவைக் குறைக்க விரும்பிய அரசுகள் பலவும் அதைக் கையில் எடுத்துக்கொண்டன. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அதை மறுபடி கணக்கிட்டுப் பார்த்தார், கணக்கு ஒத்துவரவில்லை. அவர்களிடமிருந்தே எக்செல் தாளைக் கேட்டு வாங்கினார். சராசரி எடுக்கும் சூத்திரம் 49-ஆம் வரிசை வரை போவதற்குப் பதில் 44-ஆம் வரிசையிலேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் கணக்கிலேயே இல்லை. அதுதவிர, நியூசிலாந்தின் ஒரே ஓராண்டும் பிரிட்டனின் 19 ஆண்டுகளும் சம எடையில் வைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தினால் வளர்ச்சி 2.2 சதவீதம்.

இதில் எக்செல் சூத்திரம் தெளிவான கைப்பிழை. ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டார்கள். எடை கொடுத்த முறையோ விவாதத்துக்குரிய தேர்வு. மோசடி என்று எதையும் சொல்வதற்கில்லை. ஒரே கட்டுரைக்குள் பிழையும் கருத்து வேறுபாடும் பின்னிக் கிடக்கும் என்பதற்காகவே இதை இவ்வளவு நீளமாகச் சொன்னேன். ஒன்று கவனியுங்கள்: கேட்டவுடன் எக்செல் தாளைக் கொடுத்தார்கள். மூலத் தரவைக் கேட்டால் வன்வட்டு நிரம்பியதால் அழித்துவிட்டேன் என்று சொன்னவர்கள் வேறு வகை. அவர்களில் ஒருவர் அடுத்த பதிலில் வருகிறார்.

வேறொருவர் கட்டுரையில் ஒரே படம் இரண்டு இடத்தில் இருக்கிறது. எனக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறதா? யாரிடம் சொல்வது?

உங்களுக்கு மட்டும் தெரிவதில்லை. எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய சகாக்களும் 20,621 கட்டுரைகளைக் கண்ணாலேயே பார்த்து, 3.8 சதவீதத்தில் சிக்கலான படங்கள் இருப்பதாக 2016-இல் எழுதினார்கள். அவற்றில் பாதிக்குக் குறையாதவை வேண்டுமென்றே செய்ததற்கான சாயலைக் கொண்டிருந்தன. மற்றவை கோப்பை மாற்றி ஒட்டிய கவனக்குறைவாகவும் இருக்கலாம். வன்வட்டுக் காரணம் சொன்ன, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்து இயற்பியலாளர் ஹென்ட்ரிக் ஷோன் 2002-இல் பிடிபட்டதும் இப்படித்தான். வெவ்வேறு சோதனைகள் என்று காட்டப்பட்ட வரைபடங்களில், கருவியின் இரைச்சலால் வரும் தாறுமாறான சிறு நெளிவுகள்கூட அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. இரைச்சல் ஒருபோதும் தன்னைத் திரும்பச் சொல்லாது. விசாரணைக் குழு 24 குற்றச்சாட்டுகளை ஆராய்ந்து, 16-இல் முறைகேடு உறுதி என்றது.

முதலில் கட்டுரையின் பொறுப்பாசிரியருக்கோ இதழாசிரியருக்கோ எழுதுங்கள். 'மோசடி' என்ற சொல்லைத் தொடவே வேண்டாம். "படம் 2-இன் மூன்றாம் பட்டையும் படம் 5-இன் முதல் பட்டையும், கிடைமட்டமாகத் திருப்பினால், ஒன்றுபோல் தெரிகின்றன, இவை வெவ்வேறு மாதிரிகள் என்று விளக்கக் குறிப்பு கூறுகிறது, மூலப் படங்களைப் பார்க்க இயலுமா?" இவ்வளவு போதும். இரண்டு படத்தையும் அருகருகே வைத்த ஒரு பக்கத்தை இணைத்துவிடுங்கள். ஆளைப் பற்றி ஒரு வரி எழுதினால், படிப்பவர் படத்தை விட்டுவிட்டு உங்கள் நோக்கத்தை ஆராயத் தொடங்கிவிடுவார்.

இப்படி எழுதினால் என்மேல் வழக்குப் போட்டுவிட மாட்டார்களா?

வழக்கு வரவே வராது என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. அப்போது ஹார்வர்டில் பேராசிரியையாக இருந்த ஃபிரான்செஸ்கா ஜினோவின் தரவுகளில் முரண்பாடு காட்டிய 'டேட்டா கொலாடா' வலைப்பதிவின் ஆய்வாளர்கள் மூவர்மீதும், பல்கலைக்கழகத்தின்மீதும், 2023-இல் இரண்டரைக் கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடரப்பட்டது. 2024-இல் நீதிமன்றம் அந்த மூவர்மீதான அவதூறுக் குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தது. வெளியிடப்பட்ட தரவையும் அதிலிருந்து தாம் எடுத்த முடிவையும் மட்டுமே அவர்கள் எழுதியிருந்தது அவர்களுக்குத் துணையாக நின்றது. முந்தைய பதிலில் சொன்ன எழுத்துமுறையை நான் வற்புறுத்துவதும் இதனால்தான்.

பெயர் சொல்லாமலும் எழுதலாம். பெயரில்லாக் கடிதமானாலும் அதில் குறிப்பான சான்று இருந்தால் இதழாசிரியர் அதைக் கவனிக்க வேண்டும் என்பதே கோப் சொல்லும் நெறி.

சந்தேகம் என் நெறியாளர் மேலேயே என்றால்?

இது எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி. சுலபமான பதில் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில், அவரை ஒரு சந்தேகம் கேட்கும் மாணவராக அணுகுங்கள்: "ஐயா, இந்த அட்டவணையை என்னால் மறுபடி எடுக்க முடியவில்லை, எங்கே தவறுகிறேன் என்று பார்க்க வேண்டும்." பெரும்பாலான நேரங்களில் உண்மையாகவே விளக்கம் இருக்கும். இல்லையென்றால், அவருடைய முகமே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

அதன் பிறகு உங்கள் குறிப்பேடு, மின்னஞ்சல், மூலக் கோப்பு ஆகியவற்றின் படிகளை, உங்களுக்கு உரிமையுள்ள அளவில், பாதுகாப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களில், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி துறை அளவிலும் நிறுவன அளவிலும் கல்வி நேர்மைக் குழு இருக்க வேண்டும்; ஆனால் அந்த விதிகள் கருத்துத் திருட்டைக் குறிவைத்து எழுதப்பட்டவை. துறைக்குழுவில் அவருடைய நண்பர்களே இருப்பார்கள் என்றால் நிறுவனக் குழுவுக்கோ, நேரே இதழுக்கோ எழுதலாம். ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு எழுதுகிறேன் என்று தள்ளிவைத்த மாணவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. ஆனால் சந்தேகத்துக்குரிய அந்த அட்டவணையை உங்கள் ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.

இதழுக்கு எழுதி ஒரு வருடம் ஆகிறது. "ஆராய்ந்து வருகிறோம்" என்ற பதில் மட்டும்தான். இவ்வளவு நாளா ஆகும்?

ஆகும். இதழாசிரியரிடம் ஆய்வகத்தைச் சோதிக்கும் அதிகாரம் கிடையாது. ஆசிரியரிடம் விளக்கம் கேட்பார், பிறகு அவருடைய நிறுவனத்தை விசாரிக்கச் சொல்வார், நிறுவனம் தன் பெயரை நினைத்துத் தயங்கும். தட்டம்மைத் தடுப்பூசியோடு ஆட்டிசத்தைத் தொடர்புபடுத்திய பிரிட்டிஷ் மருத்துவர் வேக்ஃபீல்டின் கட்டுரை, 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்டது. 'லான்செட்' மருத்துவ இதழ் அதை 1998 பிப்ரவரியில் வெளியிட்டு, 2010 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திரும்பப் பெற்றது. அதே 'லான்செட்', கொரோனாவுக்குக் கொடுக்கப்பட்ட ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து பற்றி 96,032 நோயாளிகளின் தரவு என்று சொல்லி 2020 மே 22-இல் வெளியிட்ட கட்டுரையை ஜூன் 4-இல் திரும்பப் பெற்றது. ஆஸ்திரேலியாவில் 2020 ஏப்ரல் 21 வரை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கணக்கில் 67 கொரோனா இறப்புகள் இருக்க, கட்டுரையில் 73 இருந்தது. ஒரு நாட்டின் மொத்த எண்ணிக்கையைவிடச் சில மருத்துவமனைகளின் எண்ணிக்கை எப்படிக் கூடும் என்று கேட்க நிபுணர் தேவைப்படவில்லை.

இதழ் அசையவில்லை என்றால், ஐய அறிவிப்பாவது வெளியிடும்படி கேளுங்கள். அதுவும் இல்லையென்றால், இதழ் கோப் உறுப்பினராக இருந்தால் அங்கே முறையிடலாம். கட்டுரையின் உண்மையை கோப் ஆராயாது. இதழ் முறைப்படி நடந்ததா என்பதை மட்டும் பார்க்கும்.

என் பெயர் ஆறாவதாக இருக்கிறது. நான் புள்ளிவிவரம் மட்டும்தான் பார்த்தேன். தரவு பொய் என்றால் நானும் மாட்டிக்கொள்வேனா?

ஷோன் விவகாரத்தில் இணையாசிரியர்கள் முறைகேட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் அதிசயமான முடிவுகள் அடுத்தடுத்து வந்தபோது மூத்த ஆசிரியர் போதிய அளவு கேள்வி கேட்டாரா என்ற வினாவைக் குழு எழுப்பாமல் விடவில்லை. மேலே சொன்ன ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கட்டுரையிலும், நான்கு ஆசிரியர்களில் மூவர், மூலத் தரவைத் தனிச் சோதனைக்குத் தர, அதைத் திரட்டியதாகச் சொன்ன நிறுவனம் மறுத்ததும், தாமே திரும்பப் பெறக் கோரினார்கள். தரவை ஒருமுறையாவது கண்ணால் பார்க்காமல் பெயர் போட ஒப்புக்கொள்ளாதீர்கள் என்பதே என் கருத்து.

இன்னொரு ஐயமும் இதோடு வரும்: ஓர் ஆசிரியர் மட்டும் சம்மதிக்கவில்லை என்றால்? அவருடைய சம்மதம் இல்லாமலும் இதழாசிரியர் கட்டுரையைத் திரும்பப் பெறலாம். யார் உடன்படவில்லை என்பது குறிப்பில் இடம்பெறும்.

மென்பொருளில் பத்து சதவீதத்துக்குக் கீழே வந்தால் திருட்டு இல்லை என்றுதானே அர்த்தம்?

அப்படி அர்த்தமில்லை. முன்பு சொன்ன 2018 விதிகளில், 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை கிடையாது. ஆய்வேட்டில் 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். முறையாகச் சுட்டிய மேற்கோள்கள், நூற்பட்டியல் போன்றவை கணக்கில் சேராது. ஆகவே சங்கப் பாடல்களை எடுத்தாளும் தமிழ் ஆய்வாளர்கள் சதவீதத்தைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. மேற்கோள் குறியையும் பாடல் எண்ணையும் ஒழுங்காகப் போட்டால் போதும்.

மென்பொருள் கண்டுபிடிப்பது எழுத்து ஒற்றுமையை மட்டுமே. என் மேசைக்கு ஒருமுறை 7 சதவீதம் என்ற அறிக்கையோடு ஓர் ஆய்வேடு வந்தது. அதன் மூன்றாம் இயல் முழுவதும், ஒரு பழைய ஆங்கில நூலின் பத்தி பத்தியான தமிழாக்கம். எந்த மென்பொருளும் அதைக் காட்டவில்லை. அந்த நூலைப் படித்திருந்த ஒரு முதிய பேராசிரியர்தான் காட்டினார். இணையத்தில் ஏறாத பழந்தமிழ் நூல்களிலிருந்தும் சிற்றிதழ்களிலிருந்தும் எடுப்பதும் இதே கதைதான்.

கட்டுரை எழுதித் தருகிறோம் என்று ஆள் வருகிறார்கள். எல்லோரும்தான் வாங்குகிறார்கள்?

எல்லோரும் வாங்குவதில்லை, வாங்கியவர்கள் இப்போது பிடிபடுகிறார்கள். 2023-இல் உலகெங்கும் 10,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன; அவற்றில் 8,000-க்கு மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. இப்படிக் கட்டுரை எழுதி விற்கும் தொழிற்சாலைகள், திருட்டு தெரியாமலிருக்க, பழைய கட்டுரையின் சொற்களை மென்பொருளால் மாற்றுகின்றன. 'பிரெஸ்ட் கேன்சர்' என்ற மருத்துவச் சொல் 'புஸம் பெரில்' ஆகிறது, அதாவது மார்பின் ஆபத்து. 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' 'கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' ஆகிறது, அதாவது கள்ள உணர்வு. இப்படிச் சித்திரவதைக்குள்ளான சொற்களைத் தேடியே போலிக் கட்டுரைகளைக் கண்டுபிடிக்கும் முறையை பிரான்சின் கியோம் கபனாக்கும் அவருடைய சகாக்களும் உருவாக்கியிருக்கிறார்கள். விலைக்கு வாங்கிய கட்டுரையில் பெயர் மட்டும்தான் உங்களுடையது, பிடிபடுவதும் அதுதான்.

நான் மேற்கோள் காட்டிய கட்டுரையே திரும்பப் பெறப்பட்டதாக இப்போது தெரிகிறது. ஆய்வேட்டை ஏற்கனவே கொடுத்துவிட்டேனே?

உங்கள் வாதம் அந்தக் கட்டுரையின் மேல் நிற்கிறதா, அல்லது முன்னுரையில் பத்தோடு பதினொன்றாக வந்ததா என்று பாருங்கள். பின்னதானால், வாய்மொழித் தேர்வில் நீங்களே சொல்லிவிட்டு, இறுதிப் படியில் அதை நீக்கிவிடலாம். முன்னதானால் நெறியாளரிடம் உடனே சொல்லி, அந்தப் பகுதியை மறுபடி எழுத வேண்டியிருக்கும். புள்ளிவிவரங்களைத் தொகுத்த பகுப்பாய்வு என்றால், அதை விலக்கிவிட்டு மறுபடி கணக்கிட வேண்டும்.

இனிமேல் இப்படி நேராதிருக்க, ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் நூற்பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்கும் 'ரிட்ராக்ஷன் வாட்ச்' தளம் தொகுத்த தரவுத்தளத்தோடு அது ஒப்பிட்டுப் பார்த்து, திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் பட்டியலில் இருந்தால் சிவப்பில் எச்சரிக்கும்.

கட்டுரையில் தப்பு செய்தால் வாங்கிய பட்டமும் போகுமா?

நேர்மையான பிழைக்குப் போகாது. முறைகேட்டுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதியே முடிவு. ஷோனுக்கு முனைவர் பட்டம் தந்த ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகம், 2004-இல் அதைப் பறித்தது. அவருடைய ஆய்வேட்டில் முறைகேடு எதுவும் உறுதியாகவில்லை. பிற்பாடு பெல் ஆய்வகத்தில் செய்ததற்காக, பட்டத்துக்குத் தகுதியற்றவராகிவிட்டார் என்றது. அவர் நீதிமன்றம் போனார். வழக்கு ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் 2014-இல் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றமும் அவருடைய முறையீட்டை ஏற்கவில்லை. பட்டம் திரும்பவில்லை.